கட்டை மாதிரி பிரேக்

பிப்ரவரி 11, புதன்

காலையில் மூட்டுவலி, வழக்கம்போல். மாடிப்படி விளக்கு மாற்றினேன். கீழ்வீட்டுக்காரர்கள் குப்பைப் பையை மறுபடியும் என் வாசலில் வைத்திருந்தார்கள். அதைத் தூக்கி அவர்கள் வாசலிலேயே வைத்துவிட்டு, என் பையையும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

மாலை 6.40. மாப்பிள்ளை போன். காரில் பிரேக் கட்டை மாதிரி இருக்கிறதாம். ஏறி நின்று மிதித்தால்தான் பிடிக்கிறதாம். முன்பக்கம் உஸ்ஸென்று ஏதோ சத்தமாம். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவருக்குக் காலில் பலம் இல்லையா என்று கேட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பதினெட்டு வருஷம் நான் மிதிக்காத பிரேக்கா? "சரிங்க அத்தை" என்று வைத்துவிட்டார். போன வாரம் கண்ணாடி துடைப்பான் கீச்சென்கிறது என்றார், அதற்கு முந்தின வாரம் கதவு. இரவல் கொடுத்த காருக்கு வாராவாரம் ஒரு புகார். அந்த "சரிங்க அத்தை"யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரவுக்கு ரொட்டி, முட்டை.

பிப்ரவரி 21, சனி

11.20. அவன் போன். "பயப்படாதீங்க அத்தை" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பிக்கிற போனை நானே எத்தனை குடும்பத்துக்குச் செய்திருக்கிறேன். என்னிடமேவா?

சரிவில் இறங்கும்போது சந்திப்பில் ஆட்கள் கடந்துகொண்டிருந்தார்களாம். பிரேக் பிடிக்கவில்லையாம். பூங்காச் சுவரில் திருப்பி மோதிவிட்டான். மோதியது மகள் உட்கார்ந்திருந்த பக்கம். அவளுக்கு இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிவு. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மருத்துவமனையில் அவள் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறான், "பிரேக் கட்டையா இருக்குன்னு அன்னைக்கே சொன்னேனே அத்தை."

"எப்ப சொன்னீங்க?"

"போன்ல."

"எங்கிட்ட சொல்லல. சொல்லியிருந்தா எழுதி வச்சிருப்பேன்."

மகள் கட்டிலில் இருந்து அவனைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். கொடுத்த மாத்திரை, எடுத்த காய்ச்சல், கூப்பிட்ட டாக்டர், எல்லாம் நேரம் போட்டு ஏட்டில் ஏறும். எழுதாதது நடக்காதது. வீட்டிலும் அதே சட்டம்தான். பள்ளிக்கூடத்தில் அவள் பொய் சொல்லி மாட்டியதெல்லாம் இந்த நோட்டுகளால்தான்.

அவன் குனிந்து அவள் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மகள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அவன் ஒரு ஆளாகச் சமைத்துப்போட்டு இவளைக் குளிப்பாட்டிவிடுவானாக்கும்!

மாத்திரை 8 மணி, 2 மணி. விரல் நுனியில் வீக்கம் குறைந்திருக்கிறது.

மத்தியானம் சொன்னாள், "இடிச்சதுகூடப் போகட்டும்மா. சொன்னேன் சொன்னேன்னு எம்முகத்தப் பார்த்துப் பொய் சொல்றாரே, அதான் தாங்கல."

அவன் சரியில்லை என்று நான் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். சொன்னதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. எழுதுகிறேன், இருந்தது.

பிப்ரவரி 24, செவ்வாய்

காரை வண்டியில் கட்டி இழுத்துவந்து என் வாசலில் விட்டார்கள். முன்விளக்கு ஒன்று இல்லை. என்ஜின் மூடி லேசாக நெளிந்திருக்கிறது. பதினெட்டு வயசுக் கார். என் சம்பளத்தில் நானே வாங்கியது. மகளின் அப்பா இருந்தபோதே சொன்னார், உனக்குப் புருஷனைவிடக் கார்மேல்தான் பிரியம் என்று. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இது ஒரு நாளாவது என்னை நடுரோட்டில் விட்டதுண்டா?

கூடவே அவனும் வந்திருந்தான். மகளின் துணி, சீப்பு, அவள் தலையணை எல்லாம் ஒரு பையில். கேட்டிலேயே வாங்கிக்கொண்டேன்.

"பார்த்துட்டுப் போயிடறேன் அத்தை."

"தூங்குறா."

தூங்கவில்லை. ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் கூப்பிடவில்லை, நானும் நகரவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார், தெருவே கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடும். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், மகள் அதைக் கேட்க வேண்டும். அதற்குத்தான் கூட்டிவந்தேன்.

மனுஷன் மூடியைத் தூக்கினார், என்ஜினை ஓடவிட்டார், காதைக் கொடுத்தார். உஸ்.

"வேக்கம் குழாய் போச்சு சிஸ்டர்."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தமட்டும்: என்ஜின் மூச்சை உள்ளே இழுக்கிறது. அந்த இழுப்பு பென்சில் கனத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பிரேக்குக்குப் பின்னால் இருக்கிற வட்ட டப்பாவுக்குப் போகிறது. கால் பாதி மிதித்தால் மீதியை அந்த இழுப்பு மிதிக்கும். குழாயில் விரிசல் விட்டால் காலுக்குத் துணை கிடையாது.

"இடிச்சதுல உடைஞ்சிருக்கும்" என்றேன்.

"இடிச்சதுல உடைஞ்சா ஒரு இடத்துல உடையும். இது வெந்து போயிருக்கு." இரண்டு விரலால் ஒரு குழாயைக் கிள்ளினார். மொறுக்கென்று கையோடு வந்தது. இன்னொன்று, அதுவும். "பாருங்க, சுள்ளி மாதிரி. இந்த மாடலுக்குக் குழாய் இப்ப வர்றதில்ல. எல்லாத்தையும் ரப்பர்ல மாத்தணும். மூணு வாரம் விட்டுட்டுப் போங்க."

நானே மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

"நீங்களா?"

"மனுஷ உடம்புல முப்பத்தோரு வருஷம் ட்யூப் போட்டவ. உங்க டப்பாவுக்குப் போடமாட்டேனா?"

"மனுஷன்னா வலிச்சா கத்துவான் சிஸ்டர். இது கத்தாது. நேரா போய் இடிக்கும்."

வாய்க்கொழுப்பு. ஆனால் மகள் வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனபிறகு, "அப்ப பிரேக்கு நிஜமாவே பிடிக்கலையாம்மா?" என்றாள்.

பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள். தெரிந்தும் உன்னை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கினானே, அது? இல்லை, தெரியாமல்தான் ஓட்டினான் என்றால் சொன்னேன் என்பது பொய். இரண்டில் எது என்று அவனையே கேள் என்றேன். என் வாயில் நியாயத்துக்கா பஞ்சம்.

பிப்ரவரி 28, சனி

காலை 7 முதல் 12 வரை காரோடு மல்லுக்கட்டு.

முதலில் படம் வரைந்தேன். ஏழு குழாய். ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் பிளாஸ்டர் ஒட்டி எண் போட்டேன். 1 தடிமன், பிரேக்குக்குப் போவது. மற்ற ஆறும் மெலிசு. என் ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தைக் கழற்றிவிட்டு வெறும் ட்யூபைக் குழாய் நெடுகப் பிடித்துக்கொண்டே போனேன். எங்கே கசிகிறதோ அங்கே காதுக்குள் சீறுகிறது. ஏழில் ஐந்து சீறியது. ஆஸ்த்மா வார்டே தோற்றது.

கழற்றும்போது ஒன்றுகூட முழுசாக வரவில்லை. 4-ஐத் தொட்டால் 5 உடைகிறது. 5-ஐத் திட்டினால் 6 உடைகிறது. சனியன்! மீசை முளைக்காத வயசிலிருந்து இதையே செய்கிற கண்ணாடிக்காரர் தெருமுனையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார். போகட்டும்.

ரப்பர் குழாய் வாங்கக் கடைக்குப் போகவேண்டியிருந்தது. ஏன் போகவேண்டும்? பீரோவில் பிரிக்காத சலைன் ட்யூப் பத்துப் பன்னிரண்டு கிடக்கிறதே. அளவு கச்சிதமாக இருந்தது. மெலிசு ஆறுக்கும் அதையே போட்டேன். தெளிவாக, அழகாக, உள்ளே என்ன போகிறது என்றுகூடப் பார்க்கலாம். 1-இன் வாயை மட்டும் அடைத்துவிட்டுப் பத்து நிமிஷம் ஓடவிட்டேன், ஒரு சத்தம் இல்லை. எனக்கு நானே டீ போட்டுக் குடித்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

மூஞ்சியில் கரி. சூடு ஏறியதும் சலைன் ட்யூப் ஆறும் இளகிச் சப்பிக்கொண்டன. என்ஜின் விக்கி விக்கி நின்றது. கண்ணாடிக்காரர் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "குளுக்கோஸ் ஏத்துறீங்களா சிஸ்டர்?" என்றார்.

மகள் சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான். கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உள்ளே போய்விட்டேன்.

உள்ளிழுக்கிற குழாய் கனமான சுவரோடு இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் தன் இழுப்பிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். முதலிலேயே சொல்லியிருக்கலாம். கேட்டீங்களா என்கிறார்.

மார்ச் 3, செவ்வாய்

சரியான ரப்பர் குழாய் வந்தாயிற்று. பழைய பிளாஸ்டிக் முனைகள் குழாய் ஏறுகிற மூக்குகளில் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தன. இழுத்தால் மூக்கே உடையும். பிளேடால் நீளவாக்கில் மெல்லக் கீறிப் பிரித்தேன். காயத்தில் ஒட்டிய கட்டுத்துணியை எடுக்கிற மாதிரிதான். புது முனையை ஃபிளாஸ்க் வெந்நீரில் ஒரு நிமிஷம் வைத்தால் சொன்னபடி கேட்டு ஏறுகிறது. 2, 3, 4, 5, 6, 7 முடிந்தது. இனி 1.

கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்து முனகாமல் தலையாட்டினார். அதோடு போயிருக்கலாம். புகைக்குழாய் பக்கம் விரலை நீட்டி, "இங்க ஒரு தகரம் இருக்கணுமே, சூடு மேல வராம. யாரு கழட்டினது?" என்றார்.

"வேற யாரு? எங்க மாப்பிள்ளைதான்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

அவர் போல்ட் ஓட்டையைத் துடைத்துக் காட்டினார். உள்ளே துரு, கெட்டியாக. "இது கழட்டி அஞ்சாறு வருஷத்துக்கு மேல இருக்கும் சிஸ்டர். இந்தத் தகரம் இல்லாமத்தான் குழாயெல்லாம் வெந்திருக்கு."

கல்யாணம் ஆகி நாலு வருஷம்தான் ஆகிறது.

மார்ச் 4, புதன்

பழைய நோட்டுகளைப் பெட்டியோடு இறக்கினேன். மத்தியானம் வரை தேடினேன். ஏழு வருஷத்துக்கு முந்தைய நோட்டு, ஆகஸ்ட் 18, என் கையெழுத்து:

"என்ஜின் பக்கத்துத் தகரம் கடகடவென்று ஆடி மானத்தை வாங்குகிறது. மூன்று போல்ட்டையும் கழற்றித் தகரத்தைக் குப்பையில் போட்டேன். இப்போது சத்தமே இல்லை. நிம்மதி."

நிம்மதியாம்.

சரி. நான்தான். ஒத்துக்கொள்கிறேன், இந்த நோட்டிடம். எனக்கு என்ன தெரியும், சத்தம் போட்டது, கழற்றினேன். ஆனால் ஓட்டுகிறவனுக்கு வாய் இல்லையா? பிரேக் கட்டையாக இருந்தால் சொல்லவேண்டாமா? சொன்னால் நான் பார்த்திருப்பேன். அதுதான் கேள்வி, தகரம் இல்லை.

கண்ணாடிக்காரரிடம் புதுத் தகரம் ஒன்று வெட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். யார் கழற்றியது என்று அவரும் மறுபடி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

வாசலில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே முன்விளக்கு, பழசுதான், ஆனால் இந்த மாடலுக்கே உரியது. எங்கே அலைந்து பிடித்தானோ. சீட்டு இல்லை, ஒன்றும் இல்லை. மணிகூட அடிக்கவில்லை.

இப்படி நல்லவன் வேஷம் போடுகிறவர்களை எனக்கு ஆகாது. சண்டைக்கு வாடா! வந்தால் பேசித் தீர்த்துவிடலாம். செருப்பை ஓரமாக வைக்கிறவனோடு என்ன பேசுவது?

மகளுக்கு இரண்டு முறை போன் அடித்தது. எடுக்கவில்லை. யார் என்று கேட்டேன். "யாரோ" என்றாள்.

மார்ச் 7, சனி

9.30. குழாய் 1 மாட்டினேன். நடுவில் ஒரு சின்ன வால்வு, காற்று ஒரு பக்கம் மட்டும் போகும். அம்புக்குறி என்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். நரம்பில் வால்வு எப்படி என்று படித்தவள், அதில் தப்பவில்லை. வாயால் ஊதியும் பார்த்துக்கொண்டேன். கிளிப் இரண்டு. தகரமும் ஏறிவிட்டது.

சோதிக்க உள்ளே உட்கார ஆள் வேண்டும். மகளை உட்காரவைத்தேன். கால் நன்றாகத்தானே இருக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டு அஞ்சாறு தடவை மிதி, உள்ளே இருக்கிற இழுப்பெல்லாம் தீரட்டும் என்றேன். மிதித்தாள். ஐந்தாவது மிதிக்குக் கால் இறங்கவில்லை.

"அம்மா, இது என்ன, கட்டை மாதிரி இருக்கு!"

"அப்படித்தான் இருக்கும். காலை எடுக்காதே. சாவியைத் திருப்பு."

திருப்பினாள். என்ஜின் பிடித்தது. மிதி அவள் காலுக்குக் கீழே தானாக ஒரு அங்குலம் இறங்கியது. நான் ட்யூபைக் காதில் வைத்து ஏழையும் கேட்டேன். ஒரு சீறல் இல்லை. நான் போட்டது, ஏழும்! கத்த வேண்டும்போல இருந்தது.

அவள் இறங்கவில்லை. மறுபடி அணைத்தாள், மறுபடி மிதித்தாள், கட்டையாகும் வரை. மறுபடி.

"அன்னைக்கு இப்படியாம்மா இருந்திருக்கும்?"

"இருந்திருக்கும்."

"தினம் அம்பது தடவை குளத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போறவர். அவர் காலுக்கே முடியலன்னா யார் காலுக்கு முடியும்? இவ்வளவு கட்டையா இருந்தா யாராவது சொல்லாம இருப்பாங்களா?"

"சொல்லல. சொல்லியிருந்தா எழுதியிருப்பேன். இரு, காட்டறேன்."

கிரீஸ் கையோடு உள்ளே வந்தேன். இந்த நோட்டைத்தான் எடுத்தேன். பக்கத்தைத் திருப்பினேன், பிப்ரவரி இருபத்தாறு, இருபத்தொன்று, பதினொன்று.

6.40.

மார்ச் 8, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 9, திங்கள்

பிப்ரவரி 11 பக்கத்தின் ஓரத்தில் என் கிரீஸ் கட்டைவிரல் அப்படியே பதிந்திருக்கிறது.

எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. கேட்கவே இல்லை. அவன் குரல் என்றதும் காதை மூடிக்கொண்டேன், கை மட்டும் பழக்கத்தில் எழுதியிருக்கிறது. கட்டை மாதிரி. உஸ்ஸென்று. ஏறி நின்று மிதித்தால்தான். ஒரு நோயாளி இதைவிடத் தெளிவாகச் சொல்லமாட்டான். வார்டில் ஒரு புது நர்ஸ் இப்படி எழுதி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடாமல் போயிருந்தால் நான் அவளை என்ன பேச்சுப் பேசியிருப்பேன்! அவள் வேலையை விட்டே போயிருப்பாள்.

பிறகு ஏன் அதை ஓட்டினார்கள்? அத்தை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாளே, அதனால்.

நேற்று மகள் கேட்டாள், "நோட்டுல பார்த்தியா?" இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை என்றேன். இதுதான் பொய். இந்த வீட்டில் பொய் சொன்னது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். கிழித்தால் அவள் காலம் பூராவும் இங்கேயே இருப்பாள், அவனைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு. அதுதானே வேண்டும் உனக்கு? வேண்டும்தான். அடி பாவி, வேண்டும்தான்.

தவளை தன் வாயால் கெடும். நான் என் பேனாவால்.

மார்ச் 10, செவ்வாய்

காலை 8 மணி மாத்திரையோடு நோட்டையும் கொடுத்தேன். பக்கம் திறந்திருந்தது. பழைய நோட்டு ஆகஸ்ட் 18-ம் கூட.

நின்றுகொண்டே படித்தாள். ஒரு கையால் பிடிக்க முடியாமல் மேஜைமேல் வைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்.

"கால்ல பலம் இல்லையான்னு கேட்டிருக்க."

"ஆமா."

"இதை எப்ப பார்த்த?"

"சனிக்கிழமை."

"இன்னைக்குச் செவ்வாய்" என்றாள்.

அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அறைக்குள் போய்ப் போன் செய்தாள். கதவு சாத்தியிருந்தாலும் கேட்டது. முதலில் அழுகை, பிறகு, "வந்து கூட்டிட்டுப் போங்க."

அவள் இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறாளாம், அவரிடம் காட்ட. அதனால் அவசரமாக எழுதுகிறேன். அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள், கையை நீட்டிக்கொண்டு.

மார்ச் 13, வெள்ளி

புது நோட்டு. கோடு சரியில்லை.

செவ்வாய் மத்தியானம் மாப்பிள்ளை வந்தார். நடந்ததை எழுதவேண்டும்.

கேட்டைத் திறந்துவிட்டேன். மன்னிப்பு என்ற சொல்லைக் காலையிலிருந்து வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. எனக்கு வராது. சாவியைக் கொடுத்து, "உட்காருங்க. என்ஜினை அணைச்சிட்டு அஞ்சு தடவை மிதிங்க" என்றேன். மிதித்தார். "இப்ப காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க." பண்ணினார். கால் இறங்கியதை அவர் முகத்தில் பார்த்தேன்.

"தகரத்தக் கழட்டினது நான். போன்ல நீங்க சொன்னதும் நிஜம். என் மேலதான் தப்பு" என்றேன். ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் சத்தமாகச் சொன்னேன், மகளுக்குக் கேட்கும்படி.

"சரிங்க அத்தை" என்றார்.

இப்போதும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மகள் தலையணையைத் தானே தூக்கிக்கொண்டாள். என்னைத் தொடவிடவில்லை. கட்டு பிரிக்கிற தேதியைச் சொன்னேன். "அவர் பார்த்துப்பார்" என்றாள். தெருமுனையில் பிரேக் விளக்கு எரிந்தது, கார் சுத்தமாக நின்றது, பிறகு திரும்பியது.

மார்ச் 18, புதன்

மகளுக்குப் போன் செய்தேன். அடித்து நின்றது. கீழ்வீட்டுக் குப்பை மறுபடியும் என் வாசலில். அதையும் என் பையையும் எடுத்து இரண்டையும் தெருத்தொட்டியில் போட்டேன்.

மார்ச் 25, புதன்

மூட்டுவலி குறைவு.

மாலை 6.40. மாப்பிள்ளை போன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதாம். உஸ் சத்தம் இல்லை. பின்பக்கக் கதவு மட்டும் கொஞ்சம் ஆடுகிறதாம். எப்போதிலிருந்து, எந்த வேகத்தில், மேட்டிலா சமதரையிலா என்று கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். கட்டு பிரிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னாராம், விரல் நன்றாக மடங்குகிறதாம்.

பின்னால் மகளின் குரல் கேட்டது, துண்டு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அத்தை பேசறாங்க" என்றார் அவளிடம். அவள் வாங்கவில்லை. போன் அவர் கையிலேயே இருந்தது.

"எழுதிக்கிட்டீங்களா அத்தை?" என்றார்.

எழுதிக்கொண்டேன் என்றேன்.